பழைய கம்ப்யூட்டருக்குப் புது மூளை எப்போது?

கயத்தாறு என்றதும் கட்டபொம்மன் நினைவுக்கு வருவார். 1799-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி அவரைத் தூக்கில் போட்ட ஊர் அது.

இன்று அந்த ஊருக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. அதுதான் காற்றாலை. மதுரையிலிருந்து திருநெல்வேலி போகிற நெடுஞ்சாலையில் கோவில்பட்டியைத் தாண்டிப் போனால், கரிசல் காட்டில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம்.

எல்லாக் காற்றாலையும் ஒரே உயரம் அல்ல. சில குட்டையானவை, சில மிக உயரமானவை. குட்டையானவை பெரும்பாலும் பழையவை. அவை இன்னும் சுற்றுகின்றன.

"சுற்றுகிற எந்திரத்தை ஏன் மாற்ற வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள்.

"நல்ல காற்று அடிக்கிற இடத்தைச் சின்ன எந்திரம் அடைத்துக்கொண்டு நிற்கிறதே! எடுத்துவிட்டுப் பெரிதாகப் போட வேண்டாமா?" என்று வேறு சிலர் கேட்கிறார்கள்.

இதே வழக்கு இப்போது பல வீடுகளில் நடக்கிறது. வீட்டில் நடப்பது காற்றாலை வழக்கு அல்ல. பையன் விளையாடுகிற கம்ப்யூட்டரைப் பற்றிய வழக்கு.

"எப்பா, கேம் திக்கித் திக்கி ஓடுதுப்பா. புது பிராசசர் போடணும்" என்கிறான் மகன்.

"ஓடுதுல்லா? ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்கிறார் தகப்பனார்.

யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதிலும் ஒரு குறை இருக்கிறது. எந்த உறுப்பு திணறுகிறது என்று மகன் சோதித்துப் பார்க்கவில்லை. திணறுகிறதா இல்லையா என்று தகப்பனாரும் பார்க்கவில்லை. சோதிக்காமல் வாங்கினால் பணம் வீண். சோதிக்காமல் மறுத்தால் வீட்டில் மனக்கசப்பு.

பிராசசர் என்பது சின்னப் பொருள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதன் விலையோ பல குடும்பங்களுக்கு ஒரு மாத அரிசி, மளிகைச் செலவுக்கு மேல் வரும். தீப்பெட்டி ஆபீசிலும் உப்பளத்திலும் உழைத்துச் சேர்த்த பணம் அது. அதைச் செலவிடுமுன் கொஞ்சம் யோசிப்பது நல்லது.

பிராசசர் என்ன செய்கிறது?

ஒரு கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துப் பார்க்கலாம்.

உக்கிராண அறையில் சாமான்கள் இருக்கின்றன. வேண்டிய சாமானை எடுத்து வந்து சமையல் மேடையில் வைக்கிறார்கள். தலைமைத் தவசிப்பிள்ளை, "இதை இப்படிச் செய், அதை அப்புறம் செய்" என்று கட்டளை இடுகிறார். பரிமாறுகிறவர்கள் இலையில் கொண்டு வந்து வைக்கிறார்கள்.

கம்ப்யூட்டரிலும் இதே ஏற்பாடுதான். உக்கிராணம்தான் ஹார்டு டிஸ்க். சமையல் மேடைதான் ரேம். தலைமைத் தவசிப்பிள்ளைதான் பிராசசர். பரிமாறுகிறவர்தான் கிராபிக்ஸ் கார்டு. திரையில் படம் வரைவது அதன் வேலை.

விளையாட்டு நடக்கும்போது, திரையில் ஒரு விநாடிக்கு 60 படம் வந்தால் பார்க்க வழுவழுப்பாக இருக்கும். ஒரு விநாடியை ஆயிரம் பங்காகப் பிரித்தால், ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 17 பங்கு நேரம்தான்.

அந்த நேரத்துக்குள் எதிரி எங்கே ஓடுகிறான், பந்து எங்கே விழும், சுவர் இடிந்தால் கல் எந்தப் பக்கம் தெறிக்கும் என்பதை எல்லாம் பிராசசர் கணக்குப் போட வேண்டும். உடனே கிராபிக்ஸ் கார்டு படம் வரைய வேண்டும். இருவரில் ஒருவர் பின்தங்கினாலும் படம் திக்கும்.

பந்தியில் சோறு வரத் தாமதம் ஆனால், தவசிப்பிள்ளையை மாற்றினால் சரியாகிவிடுமா? பரிமாற ஆள் இல்லாமலும் இருக்கலாம். உக்கிராணச் சாவி கிடைக்காமலும் இருக்கலாம். தாமதத்துக்குக் காரணம் யார் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

காற்றாலை கற்றுத்தந்த பாடம்

இந்தியாவில் 1986-ம் ஆண்டு காற்றாலைப் பண்ணைகள் தொடங்கின. தூத்துக்குடிக் கரையும் அந்த முதல் இடங்களில் ஒன்று. அப்போது வைத்த எந்திரம் ஒன்றின் சக்தி 55 கிலோவாட். இப்போது 2,000 கிலோவாட்டும் அதற்கு மேலும் சக்தி உள்ள காற்றாலைகள் வந்துவிட்டன. கயத்தாறில் மத்திய அரசின் காற்றாலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே 200 கிலோவாட் எந்திரமும் உண்டு. 2,000 கிலோவாட் எந்திரமும் உண்டு. இரண்டுக்கும் கிடைப்பது ஒரே ஊர்க் காற்றுதான்.

பெரிய எந்திரத்தில் ஏன் கூடுதல் மின்சாரம்? இறகின் நீளம் இரண்டு மடங்கு ஆனால், அது வளைத்துச் சுற்றுகிற பரப்பு நான்கு மடங்கு ஆகிறது. உயரம் கூடினால் காற்றின் வேகமும் கூடுகிறது.

அப்படியானால் காற்றாலையைப் பெரிதாக்கினால் போதும் என்று தோன்றும். போதாது என்பதைத் தமிழ்நாடு பட்டுத் தெரிந்துகொண்டது.

2012-ம் ஆண்டு வாக்கில் தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் மின்சார வெட்டு. வீடுகளில் விசிறி ஓடவில்லை. அதே காலத்தில், காற்று நன்றாக அடித்த நாட்களில், சில காற்றாலைகளை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. காரணம் என்ன? உண்டாகிற மின்சாரத்தைக் கொண்டுபோகப் போதுமான கம்பி இல்லை. துணை மின்நிலையம் இல்லை. பிறகு பெரிய கம்பித் தடங்கள் போட்டார்கள். கயத்தாறிலேயே 400 கிலோவோல்ட் துணை மின்நிலையம் வந்தது.

எந்திரம் தயார், காற்றும் தயார், கம்பி இல்லை. அந்த நிலையில் இன்னொரு காற்றாலை வைத்து என்ன பயன்?

கம்ப்யூட்டருக்கும் இது பொருந்தும். கிராபிக்ஸ் கார்டு பழசாக இருக்கும்போது புது பிராசசர் போட்டால், அந்த பிராசசர் வேலை இல்லாமல் காத்துக்கொண்டு நிற்கும். பணம் போனதுதான் மிச்சம்.

முத்துச் சிப்பியைச் சோதித்தது போல

தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்குச் சோதனை புதிது அல்ல. கடலில் முத்துக் குளித்த காலத்தில் என்ன செய்தார்கள்?

நினைத்த நாளில் கடலில் இறங்கவில்லை. முதலில் சிப்பி விளைகிற பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து வந்தார்கள். அவற்றைத் திறந்து, முத்து எவ்வளவு, அதன் மதிப்பு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார்கள். கட்டுபடியாகும் என்று தெரிந்த பிறகே முத்துக்குளிப்பு அறிவிப்பு வந்தது. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்தது.

சிப்பி இளசாக இருக்கும்போது எடுத்தால் முத்து சிறிது, விலை போகாது. முதிர்ந்த பிறகும் எடுக்காமல் விட்டால் சிப்பி செத்துப்போகும். முத்தும் கடலோடு போகும். முந்தினாலும் நஷ்டம், பிந்தினாலும் நஷ்டம். மாதிரி எடுத்துப் பார்த்தவர்கள் தப்பினார்கள்.

பிராசசர் மாற்றுவதற்கு முன்னும் இப்படி மாதிரி பார்க்க முடியும். அதற்குப் பணம் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

முதல் சோதனை: தூசியும் சூடும்

கரிசல் காட்டுக் காற்றில் தூசி அதிகம். அது கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போய், விசிறியிலும் சூடு தணிக்கிற தகட்டிலும் பஞ்சு போல் அடைத்துக்கொள்கிறது.

பிராசசர் வேலை செய்யும்போது சூடாகும். சூடு 95, 100 டிகிரியை நெருங்கினால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெயிலில் நடந்து களைத்தவர் மரத்தடியில் நின்று நடப்பது போலத்தான் இதுவும்.

விளையாட்டு தொடங்கியதும் நன்றாக ஓடி, கால் மணி நேரம் கழித்துத் திக்கினால், முதலில் சூட்டைச் சந்தேகப்பட வேண்டும். மின் இணைப்பை எடுத்துவிட்டு, பெட்டியைத் திறந்து, தூசி தட்ட வேண்டும். பிராசசருக்கும் தகட்டுக்கும் இடையே தடவியிருக்கிற பசை பல ஆண்டுகளில் காய்ந்துபோகும். அதைத் துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும். இதற்குச் சில நூறு ரூபாய் ஆகலாம். சில வீடுகளில் வழக்கு இதோடு முடிந்துவிடும்.

இரண்டாவது சோதனை: படத்தைச் சிறிதாக்குதல்

பெரும்பாலான விளையாட்டுகளில் படத்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் வசதி உண்டு. ஒரு விநாடிக்கு எத்தனை படம் வருகிறது என்று எண்ணிக் காட்டும் வசதியும் பல விளையாட்டுகளில் உண்டு.

"60-க்கு மேல் வேண்டாம்" என்பது போல் கட்டுப்பாடு வைத்திருந்தால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும். இப்போது வருகிற எண்ணிக்கையைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு படத்தின் அளவை 1920-க்கு 1080 என்பதிலிருந்து 1280-க்கு 720 என்று குறைத்து, அதே இடத்தில் மறுபடி விளையாடிப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை நன்றாக ஏறினால் என்ன பொருள்? வரைகிற வேலை குறைந்ததும் வேகம் கூடிவிட்டது. ஆகவே திணறியது கிராபிக்ஸ் கார்டு. பிராசசர் மீது பழி இல்லை.

எண்ணிக்கை ஏறாமல் அங்கேயே நின்றால்? வரைகிற வேலையைக் குறைத்தும் பயன் இல்லை. ஆகவே பிராசசர்தான் பின்தங்குகிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

மூன்றாவது சோதனை: வேலைக் கணக்கு

விண்டோஸ் கம்ப்யூட்டரில் டாஸ்க் மேனேஜர் என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்த உறுப்பு நூற்றுக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்று அது காட்டும்.

விளையாட்டு ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு 95-க்கு மேல் காட்டினால், அது முழு மூச்சாக உழைக்கிறது என்று அர்த்தம். அது 50, 60 என்று சும்மா இருக்க, படம் மட்டும் திக்கினால், பிராசசரைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு ஏமாற்றம் உண்டு. பிராசசரின் கணக்கு 40 என்று காட்டலாம். "பாதிகூட உழைக்கவில்லையே" என்று தோன்றும். ஒரு பிராசசருக்குள் ஆறு, எட்டு என்று பல உட்பகுதிகள் இருக்கின்றன. ஆறு பேர் கொண்ட வேலைக் கூட்டத்தில் ஒருவர் மூச்சுத் திணற உழைக்க, மற்றவர்கள் அவருக்காகக் காத்திருந்தால், மொத்தக் கணக்கு குறைவாகத்தான் தெரியும். ஆகவே ஒவ்வோர் உட்பகுதியின் கணக்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

வேறு குற்றவாளிகள்

விளையாட்டு திறக்கவே மூன்று நிமிடம் ஆகிறதா? குற்றவாளி பழைய ஹார்டு டிஸ்க்காக இருக்கலாம். அதற்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் கம்ப்யூட்டருக்குப் புத்துயிர் வந்தது போல் இருக்கும்.

ரேம் 8 ஜி.பி. மட்டும் இருக்கிறதா? இன்றைய பெரிய விளையாட்டுகள் பலவற்றுக்கு அது போதாது. ரேம் ஒரே அட்டையாக இருந்தால், அதே போன்ற இன்னோர் அட்டையைச் சோடியாகச் சேர்ப்பதும் வேகத்தைக் கூட்டும்.

பலர் சேர்ந்து இணையத்தில் ஆடுகிற விளையாட்டு மட்டும் தடுமாறுகிறதா? அங்கே பெரும்பாலும் இணைப்புதான் காரணம். அதற்குப் பிராசசர் மாற்றுவது தலைவலிக்குக் காலில் தைலம் தேய்ப்பது போல் ஆகும்.

வீட்டில் இருக்கிற திரை விநாடிக்கு 60 படம் மட்டுமே காட்டக்கூடியதா? அப்படியானால் 150 படம் தருகிற பிராசசர் வாங்கியும் கண்ணுக்கு அதிகமாக ஒன்றும் தெரியாது.

அரசு சொன்ன மூன்று வழிகள்

பழைய காற்றாலைகளைப் பற்றித் தமிழ்நாடு அரசு 2024-ம் ஆண்டு ஒரு கொள்கை வெளியிட்டது. அதில் மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று: பழைய எந்திரத்தை எடுத்துவிட்டுப் புதியது வைப்பது.

இரண்டு: எந்திரத்தை வைத்துக்கொண்டு, முக்கியமான உறுப்புகளை மட்டும் மாற்றுவது.

மூன்று: நல்ல நிலையில் இருக்கிறதா என்று சோதித்து, இன்னும் சில ஆண்டு ஓடவிடுவது.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இந்த மூன்று வழிகள்தான். எதைத் தேர்ந்தெடுப்பது?

சோதனையில் பிராசசர் மீது குற்றம் இல்லை என்றால், மூன்றாவது வழி. தூசி தட்டி, தேவையானால் ரேமும் எஸ்.எஸ்.டி.யும் போட்டு ஓடவிடலாம்.

பிராசசர்தான் குற்றவாளி என்று தெரிந்தால், அடுத்த கேள்வி: இப்போது இருக்கிற போர்டில் புது பிராசசர் பொருந்துமா?

பொருந்தும் என்றால் இரண்டாவது வழி. இதில் சிலருக்கு அதிர்ஷ்டம் உண்டு. ஏ.எம்.டி. கம்பெனியின் ஏ.எம்.4 என்ற வகைப் போர்டை 2017-ல் வாங்கியவர்கள் பலர், போர்டின் உள் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டு, 2020-ல் வந்த ரைசன் 5000 வரிசை பிராசசரைப் பொருத்த முடிகிறது. பிராசசர் விலையோடு செலவு முடிந்துவிடும்.

எல்லோருக்கும் அப்படி அமையாது. இன்டெல் கம்பெனியின் 8-வது தலைமுறை பிராசசர் 2017-ல் வந்தது. அதைப் பொருத்துகிற குழி, பார்வைக்கு முந்தைய 6, 7-வது தலைமுறைக் குழி போலவே இருந்தது. ஆனால் பழைய போர்டில் அது வேலை செய்யாது. போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஆகவே போர்டின் பெயரை எழுதிக்கொண்டு, அந்தப் போர்டு கம்பெனி வெளியிட்டிருக்கிற பட்டியலைப் பார்த்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

பிராசசரோடு போர்டும் மாற வேண்டும் என்றால், பல வேளைகளில் ரேமும் மாற வேண்டும். ஏ.எம்.டி.யின் புதிய ஏ.எம்.5 போர்டுக்கு டி.டி.ஆர்.5 வகை ரேம்தான் பொருந்தும். 2025-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் ரேம் விலை கிடுகிடு என்று ஏறியது. செயற்கை அறிவுக்காக உலகமெங்கும் கட்டுகிற பெரிய கம்ப்யூட்டர் கூடங்கள் ரேமை அள்ளிக்கொண்டு போனதுதான் காரணம். அமெரிக்காவில் கூடம் கட்டினால் கயத்தாறில் விலை ஏறுகிறது. ஆகவே பிராசசர் விலையை மட்டும் கேட்டுவிட்டு வரக்கூடாது. பிராசசர், போர்டு, ரேம் மூன்றையும் கூட்டி மொத்த விலை கேட்க வேண்டும்.

மொத்த விலை, ஒரு புதுக் கம்ப்யூட்டரின் விலையில் பாதிக்கு மேல் போனால், அவசரப்பட வேண்டாம். முதல் வழிதான் மேல். கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்துப் புதிதாகவே வாங்கலாம்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் 2011 முதல் அரசு கொடுத்த இலவச லேப்டாப்பும், கடையில் வாங்கிய லேப்டாப்பும் ஏராளமான வீடுகளில் இருக்கின்றன. இந்தக் காலத்து லேப்டாப்புகளில் பிராசசரைப் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கிறார்கள். அதைத் தனியாக மாற்ற முடியாது. "மாற்றித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால், கொடுக்குமுன் விசாரிக்க வேண்டும்.

எப்போது மாற்றத்தான் வேண்டும்?

"ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. மாற்ற வேண்டிய நேரம் என்று ஒன்று உண்டு.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனி கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்பு 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு என்று அறிவித்தது. அடுத்த விண்டோஸ் 11, எல்லாப் பழைய பிராசசரையும் ஏற்காது. பொதுவாகச் சொன்னால், இன்டெல்லில் 8-வது தலைமுறையிலிருந்தும், ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான் ஏற்கும்.

பாதுகாப்பு இல்லாத கம்ப்யூட்டரில் விளையாடுவதுகூட ஒரு பக்கம் இருக்கட்டும். அதே கம்ப்யூட்டரில்தான் தகப்பனார் வங்கிக் கணக்குப் பார்க்கிறார். அக்காள் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறாள். அங்கே திருட்டு நடந்தால் நஷ்டம் பிராசசர் விலையைவிடப் பெரிதாக இருக்கலாம். இது நியாயமான காரணம்.

இன்னொரு காரணம் வேலை. விளையாட்டுக்காக வாங்கிய கம்ப்யூட்டரிலேயே சில பிள்ளைகள் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறார்கள், படம் வரைகிறார்கள், நிரல் எழுதுகிறார்கள். பத்து நிமிட வீடியோவை முடிக்க இரண்டு மணி நேரம் ஆனால், அந்தப் பழைய பிராசசர் சம்பாத்தியத்தைத் தடுக்கிறது. கயத்தாற்றில் நல்ல காற்றடிக்கிற இடத்தைச் சின்னக் காற்றாலை அடைத்துக்கொண்டு நிற்பது போலத்தான். எந்திரம் சுற்றுகிறது, கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை.

மூன்றாவது காரணம் விளையாட்டேதான். ஒவ்வொரு விளையாட்டுக்கும், "குறைந்தது இந்த பிராசசர் வேண்டும்" என்று அதைத் தயாரித்தவர்களே அறிவிக்கிறார்கள். ஆசைப்படுகிற விளையாட்டின் தேவைக்கு வீட்டு பிராசசர் மிகவும் கீழே இருந்து, மேலே சொன்ன சோதனையிலும் அதுவே குற்றவாளி என்று தெரிந்தால், மகன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. விளையாட்டும் மனுசனுக்கு வேண்டியதுதான். தகப்பனார் தம் காலத்தில் கபடி ஆடவில்லையா?

ஆனால் இன்னும் வெளிவராத விளையாட்டுக்காக இன்றே வாங்குவது வேண்டாம். அது வெளிவரட்டும். அதற்குள் விலையும் இறங்கலாம்.

கடையில் கவனம்

"ஐ7 கம்ப்யூட்டர், மலிவு விலை" என்று விளம்பரம் வரும். ஐ7 என்ற பெயரை மட்டும் பார்த்து மயங்கக்கூடாது. அதற்குப் பின்னால் வருகிற எண்ணைப் பார்க்க வேண்டும். ஐ7-3770 என்றால் 3-வது தலைமுறை, 2012-ல் வந்தது. ஐ5-12400 என்றால் 12-வது தலைமுறை, 2022-ல் வந்தது. ஏழு என்பது ஐந்தைவிடப் பெரியதுதான். ஆனால் இங்கே அந்த ஐ5, அந்த ஐ7-ஐவிட மிக வேகமானது.

பழைய பிராசசரைக் குப்பையில் எறிய வேண்டாம். நல்ல நிலையில் இருந்தால் அதற்கும் விலை உண்டு. கெட்டுப்போன போர்டையும் கம்பியையும் தெருவில் எரிப்பது பெரிய தீமை. அதிலிருந்து வருகிற புகையில் ஈயம் முதலான விஷங்கள் கலக்கின்றன. மின்னணுக் கழிவுக்கென்று தனி விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. முறையாகப் பதிவு செய்து சேகரிக்கிறவர்களிடம் அதை ஒப்படைக்க வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு கடமை உண்டு. கேட்டதை எடுத்துக் கொடுத்துக் காசு வாங்குவது எளிது. "கம்ப்யூட்டரைக் கொண்டு வா, எது திணறுகிறது என்று பார்ப்போம்" என்று சொல்கிற கடைக்காரரிடம் ஊர் முழுவதும் வரும்.

பிள்ளைக்குக் கிடைக்கும் லாபம்

வீட்டில் இனி இந்தப் பேச்சு எழுந்தால், பெற்றோர் உடனே "சரி" என்றும் சொல்ல வேண்டாம். "முடியாது" என்றும் சொல்ல வேண்டாம். "சோதித்து எழுதிக்கொண்டு வா" என்று சொல்ல வேண்டும்.

தூசி தட்டியபின் சூடு எவ்வளவு? படத்தைச் சிறிதாக்கியபின் எண்ணிக்கை எவ்வளவு? போர்டில் எந்த பிராசசர் பொருந்தும்? மொத்த விலை என்ன? இந்த நான்குக்கும் ஒரு தாளில் பதில் எழுதட்டும்.

அந்தத் தாளைக் கொண்டுவருகிற பையன், பணத்தின் அருமையை அறிந்துவிட்டான். ஒரு கோளாறை எப்படித் துப்புத் துலக்குவது என்பதையும் கற்றுக்கொண்டான். நாளைக்குக் காற்றாலையில் பழுது பார்க்கப் போனாலும், துறைமுகத்தில் எந்திரம் ஓட்டப் போனாலும் அந்தப் பழக்கம் அவனுக்குக் கைகொடுக்கும்.

கணக்கு சரியாக இருந்தால், தகப்பனாரும் முகம் சுளிக்காமல் பணம் கொடுக்க வேண்டும். கணக்கு சரியாக வந்த பிறகும் மறுப்பது முறை அல்ல.